ஏரிக்கரை வீட்டுத் தறிக்குழியும் நானும்

மொட்டை மாடி ஒழுகினால் ஊரே அண்ணாந்து பார்க்கும். தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஏறினால் மட்டும் பெயின்டரைத் திட்டும். அப்படி ஏறுகிற ஈரமான ஓதத்தைச் சரிசெய்கிற எங்கள் தொழில் பிறந்ததே அந்தத் திட்டில்தான்.

அந்தத் திட்டைப் பன்னிரண்டு வருடம் வாங்கியவன் நான். உத்திரமேரூரில் ஏகாம்பரம் பெயின்டர் என்றால் ஒரு காலத்தில் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் அதே வீடு, அதே சுவர், அதே முழங்கால் உயரத்தில் அதே பொருமல். நான் பளபளவென்று அடித்துவிட்டு வந்த பெயின்ட் மாசி முடிவதற்குள் அப்பளமாக எழும்பி நிற்கும். வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு வைத்து, சுவரைச் சுரண்டிக் காட்டி, "இன்னாய்யா பெயின்ட் அடிச்ச?" என்பார்கள். ஒரு கட்டத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குற்றம் என் பிரஷ்ஷில் இல்லை, கீழேயிருந்து ஏறுகிற ஈரத்தில் இருக்கிறது என்று புரிந்ததும் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கடப்பாரையைக் கையில் எடுத்தேன்.

சுவர் பொருமிய வீடுகளில் குடியிருக்கும் என் சக துக்கக்காரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீரோவின் அடித்தட்டில் வைத்த வேட்டியில் ஒரு வாடை வரும். அரிசி மூட்டைக்கு அடியில் செங்கல் வைத்திருப்பீர்கள். விருந்தாளி சுவரில் சாய்ந்துவிடப் போகிறாரே என்று நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு, அவர் எழுந்து போகும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இனிமேல் நான் சொல்லப் போவது பெரும்பாலும் நாம் ஜெயித்த கதை. நடுவில் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

சுவருக்கு ஒரு ஃபேன்

புதுத்தொழிலில் என் முதல் வீடு சாலவாக்கத்தில். உள்ளே நுழைந்ததும் டேபிள் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே ஆள் யாரும் இல்லை, சுவர்தான் இருந்தது. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இன்னொரு மூலையில் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயிலில் வண்டி ஓட்டி வந்தவன், ஃபேனைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பப் போனேன். அந்தம்மா பதறிப்போய் ஓடி வந்து தடுத்தார். "செவுரு காயணும்ங்க" என்றார்.

வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தேன். மாட்டுத் தொட்டி சுவரை ஒட்டி நின்றது. அடியில் விரல் நுழைகிற விரிசல். ஊற்றுகிற தண்ணீரில் பாதியை மாடு குடித்தது, மீதியைச் சுவர் குடித்தது. தொட்டியைப் பத்தடி தள்ளி வைக்கச் சொன்னேன். சுவரோரம் ஓரடி தோண்டி, மண்ணைக் காயவிட்டு, வெளிப்பக்கம் பூசினேன். சில வாரத்தில் சுவர் வெளுத்துவிட்டது. நான் கிளம்பும்போது ஃபேனைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப இத்தினி நாளா அந்தாண்டப் பக்கம் நாம தண்ணி ஊத்திக்கினு, இந்தாண்டப் பக்கம் ஃபேன் போட்டுக்கினு இருந்தோமா?"

முழங்கால் உயரத்தில் காலண்டர்

காவாந்தண்டலத்தில் தேவகி என்றொரு அம்மா. அவர் வீட்டுக் கூடத்தில் மூன்று காலண்டர்கள், மூன்றும் முழங்கால் உயரத்தில் வரிசையாகத் தொங்கின. தேதி பார்க்க வேண்டுமென்றால் தரையில் குப்புறப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ஒரு வார்த்தையும் கேட்காமல் நடுக் காலண்டரைத் தூக்கினேன். பின்னால் சுவர், தேங்காய்ப் பத்தை பெயர்ந்த மாதிரி செங்கல் தெரிய இருந்தது. குளியலறைத் தண்ணீர் போகிற குழாய் தரைக்குள் உடைந்திருந்தது. இரண்டு நாள் வேலை.

வேலை முடிந்ததும் காலண்டர்களை மேலே மாட்டிவிடுகிறேன் என்று ஆணியை எடுத்தேன். தேவகி அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மாமியார் வெளியூர் போயிருக்கிறார், காலண்டரின் இடம் மாறினால் ஏன் மாறியது என்று கேட்பார், அந்தக் கேள்வி ஓதத்தில் ஆரம்பித்துக் கல்யாணத்தன்று போட்ட சீர்வரை போகும் என்று விளக்கினார். போகிற போக்கில்தான் இன்னொன்றும் சொன்னார். அவருடைய நாத்தனார் வசந்தா ஏரிக்கரையோரம் தறி போட்டிருக்கிறாள், அவள் படுகிற பாட்டுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்று. "எங்க வூட்டு ஓதத்தைக் காலண்டர் போட்டு மறைச்சிட்டேங்க. அவ வூட்டு ஓதத்தை மறைக்கணும்னா ஏரியையே மறைக்கணும். போய்ப் பாருங்க."

குழிக்குள் தவளை

வசந்தாவின் வீடு, உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் ஒரு கிராமத்தில். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் தெரு, தெருவுக்குப் பின்னால் வயல். கணவர் கம்பெனி வேலைக்கு ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர். வீட்டுத் தறி வசந்தாவுடையது. எங்கள் பக்கத்துத் தறி குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி வெட்டியிருப்பார்கள். நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். வீட்டிலேயே பள்ளமான இடம் அதுதான். ஏரி நிரம்பினால் தரைக்கடியில் கசிகிற தண்ணீர் நேராக அங்கேதான் வந்து உட்காரும். வருடா வருடம் ஐப்பசி பிறந்தால் வசந்தாவின் குழியில் முதலில் ஈரம், பிறகு சேறு, பிறகு முழங்கால் தண்ணீர். தை வரைக்கும் தறி நிற்கும்.

போன வருடம் பாதிப் புடவையோடு தறி நின்றுவிட்டது. ஜரிகை கறுத்துப்போனது. பட்டும் பாவும் கொடுக்கிற காஞ்சிபுரத்து முதலாளி வந்து பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: இந்த வருடமும் மழையில் தறி நின்றால் பாவை அவிழ்த்துக்கொண்டு போய் வேறு வீட்டில் போடுவேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள். அது போனால் தறி வெறும் மரச்சட்டம். இதைச் சொல்லும்போது வசந்தாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எட்டாங் கிளாஸ்லேர்ந்து இதுல உக்காந்துகினு கீறேண்ணா. வேற வேலைக்குப் போகச் சொன்னா எனக்குக் கை எங்க வெக்கறதுன்னு தெரியாது" என்றாள்.

அது ஆடி மாதம். குழி காய்ந்துதான் இருந்தது. நான் உள்ளே இறங்கி, சுவரைத் தட்டி, மண்ணை மோந்து, புறங்கையால் தொட்டு, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். "இந்த வருஷம் உன் கால் நனையாதும்மா. நனைஞ்சா நானே வந்து குழியில உக்காந்து தண்ணி மொண்டு ஊத்தறேன்" என்றேன். அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்த பொந்திலிருந்து ஒரு தவளை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வசந்தா சிரிக்காமல் சொன்னாள்: "வருஷா வருஷம் மொதல்ல வர்றது அதுதான். நீங்க சொன்னதை அதுவும் கேட்டுக்கினு கீது. ரெண்டு பேர்ல யாரு இருக்கறீங்கன்னு பாக்கலாம்."

சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன்

கடையில் இருந்ததிலேயே உசத்தியான கெமிக்கலை வாங்கிச் சிமென்டில் கலந்து குழியின் நாலு பக்கமும் அடியும் பூசினேன். இரண்டு பூச்சு. தொட்டால் கண்ணாடி. என் பங்காளி கன்னியப்பன் அப்போதே முகத்தைச் சுளித்தான். பங்காளி என்றால் உறவில்லை, தொழிலில். மண்ணைத் தோண்டுகிற விஷயத்தில் இந்தத் தாலுகாவில் அவனுக்கு மேல் ஆள் கிடையாது. ஆனால் அவன் எதையும் ஒரு தடவைதான் சொல்வான், அதையும் நாம் தோற்ற பிறகுதான் சொல்வான்.

ஆவணியில் ஒரு வாரம் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. ஏரி பாதி நிரம்பியது. எட்டாம் நாள் காலையில் வசந்தாவிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது, வார்த்தை ஒன்றும் இல்லை. என் பூச்சு குழியின் அடியில் குமிழ் குமிழாக எழும்பி, நடுவில் வெடித்து, வெடித்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. போனேன். வாக்கு வாக்குதானே? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கி, பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினேன். தெருவே வந்து பார்த்தது. யாரோ வீடியோகூட எடுத்தார்கள். நான் ஊற்ற ஊற்ற அது ஊறிக்கொண்டே இருந்தது. அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம், இடுப்பு வலியைக்கூட நான் உணரவில்லை. பிற்பகல் கன்னியப்பன் வந்து குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து, ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னான்: "மேஸ்திரி, ஏரி வூட்டுக்கு அடியில வந்து குந்திக்கினு கீது. நீ அது தலை மேல சிமென்ட் பூசிக்கினு கீற."

ராஜாமணியின் சம்மதம்

பீடி முடிவதற்குள் கன்னியப்பன் முழுத் திட்டத்தையும் தரையில் குச்சியால் கிழித்துக் காட்டிவிட்டான். தண்ணீரைக் குழிக்குள் வைத்துத் தடுக்க முடியாது, அது குழிக்கு வரும் முன்பே வேறு வழி காட்ட வேண்டும். தறி அறையைச் சுற்றி வெளியே, குழியின் அடிமட்டத்தைவிட ஒரு முழம் ஆழமாகப் பள்ளம். பள்ளத்தில் ஓட்டை போட்ட குழாய், குழாயைச் சுற்றி ஜல்லி. ஏரியிலிருந்து கசிந்து வருகிற தண்ணீர் ஜல்லியில் விழுந்து, குழாயில் நுழைந்து, கொல்லைப்புறமாகப் போய்விடும். கொல்லைக்குப் பின்னால் வயல், தெருவைவிட ஓர் ஆள் உயரம் பள்ளம். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். வாட்டம், அதாவது சரிவு, மட்டும் சரியாக இருந்தால் தண்ணீர் தானாக நடந்து போகும்.

ஒரே சிக்கல், குழாயின் வாய் வந்து நிற்கிற வயல் ராஜாமணியுடையது. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பியோடே பேச்சை விட்டவர் என்று ஊரில் சொன்னார்கள். நான் வசந்தாவையும் கூட்டிக்கொண்டு, பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ராஜாமணி நாற்றங்காலுக்கு வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். என் முழு உரையையும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். எவ்வளவு தண்ணீர் வரும், எந்தப் பக்கம் வரும், உப்பா நல்ல தண்ணியா என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகு வசந்தாவைப் பார்த்துச் சொன்னார்: "மதகைத் தொறந்து வுடுங்கன்னு வருஷா வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலையறேன். நீ இன்னாடான்னா ஏரித் தண்ணியைக் குயாய்ல கொண்டாந்து குடுக்கறேன்னு கேட்டுக்கினு நிக்கற. வுடும்மா, வுடு."

காய்ந்தது போதும்

புரட்டாசியில் ஒன்பது நாள் தோண்டினோம். அடுத்த மழைக்கே குழாயின் வாயில் தண்ணீர் சொட்டி, பிறகு நூலாக ஒழுகி, பிறகு கை தடிமனுக்கு வந்தது. குழி மட்டும் காய்ந்து கிடந்தது. நான் கொல்லையில் நின்று குதித்தேன் என்றே சொல்லலாம். அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மக்கும் கையுமாக நின்ற வீடியோ இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருந்ததே, அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? குழிக்குள் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, மேலே கான்கிரீட் போட்டு, அதன் மேல் டைல்ஸ் ஒட்டினேன். அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டினேன். ஒரு ஸ்பூன் ஈரம்கூட இல்லாத குழி. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். பொந்தை அடைக்கும்போது தவளையைப் பிடித்துத் தெருவில் விட்டது கன்னியப்பன்.

நாலாம் நாள் வசந்தா போனில் கூப்பிட்டு, உடனே வரச் சொன்னாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். தறிக்கு முன்னால் அவள் அழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். புரட்டாசி வெயில், எக்ஸாஸ்ட் ஃபேன் வேறு. பட்டு இழை உலர்ந்து விறைத்துப்போய், அசைத்த இடமெல்லாம் பட்டுப் பட்டென்று அறுந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரு முழம்கூட நெய்யவில்லை, அறுந்ததை முடிந்துகொண்டே இருக்கிறாள். குழியிலிருந்து மண்ணின் குளிர்ச்சி ஏறினால்தான் இழை பதமாக இருக்கும், அதற்காகவும்தான் தறியைக் குழியில் போடுவது என்று தறிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருடமாக ஈரத்தை மட்டுமே பகையாளியாகப் பார்த்தவனுக்குத் தெரியவில்லை. அவள் கையிலிருந்த இழையைக் காட்டிக் கேட்டாள்: "தண்ணி வேணாம்னு சொன்னேன். குளிர்ச்சி வேணாம்னு எப்பண்ணா சொன்னேன்?"

சொம்புத் தண்ணீர்

என் கையால் ஒட்டிய டைல்ஸை என் கையாலேயே பெயர்த்தேன். ஒவ்வொரு டைல்ஸும் பெயரும்போது நெஞ்சில் ஒரு அடி. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றினேன். கான்கிரீட்டை உடைத்து, விரிப்பை உருவி எடுத்து, அடியில் ஜல்லி பரப்பி, அதன் மேல் ஆற்று மணலை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டோம். கீழேயிருந்து ஏரி வராது, அதை வெளியே குழாய் பார்த்துக்கொள்ளும். மேலேயிருந்து எவ்வளவு குளிர்ச்சி வேண்டுமோ அதை வசந்தா வைத்துக்கொள்ளலாம்.

காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை மணலில் தெளிக்கச் சொன்னேன். வெயில் கடுமையாக இருந்தால் ஒன்றரைச் சொம்பு. மழை நாளில் ஒன்றும் வேண்டாம். மறுநாளிலிருந்து இழை அறுவது நின்றது. அவள் மிதிகட்டையை மிதிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் ஓதத்தை ஒழிக்கிறேன் என்று போர்டு மாட்டியவன் ஒரு வாடிக்கையாளருக்குத் தினம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், யாரிடம் சொல்வது? வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த கன்னியப்பன், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வந்ததும் சொன்னான்: "ரெண்டு மாசமா தண்ணியத் தொரத்தி, கடைசில ஒரு சொம்புல வந்து நிக்கற பாரு, அதான் மேஸ்திரி வேலை."

ஏரி கோடி போன அன்றைக்கு

கார்த்திகையில் புயல் சின்னம். மூன்று நாள் இரவு பகல் தெரியாத மழை. கரண்ட் போனது, போன் டவரும் போனது. நாலாம் நாள் காலையில் பால்காரர் வந்து, வசந்தாவின் ஊர் ஏரி கோடி போகிறது என்றார். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து ஓடுவதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். விவசாயிக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. எனக்கு அப்படி இல்லை. இனி அந்தக் குழிக்கும் ஏரிக்கும் நடுவில் இருப்பது ஓர் ஓட்டைக் குழாயும் கொஞ்சம் ஜல்லியும்தான். கன்னியப்பன் இன்னொரு கவலையையும் எடுத்துப் போட்டான். வயலிலும் தண்ணீர் ஏறிக் குழாயின் வாய் மூழ்கிவிட்டால், வெளியே போக வேண்டிய தண்ணீர் அதே குழாய் வழியாக வீட்டுக்குத் திரும்பும்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. வண்டியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தோம். வசந்தாவின் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் பக்கெட். தறிக்குழியிலிருந்து மொண்டு மொண்டு தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்குள்ளிருந்து தறிச்சத்தம் வரவில்லை. வாசலில், வேறு வழியாகச் சுற்றி வந்திருந்த ஒரு கார் நின்றது. முதலாளி வந்துவிட்டார், பாவை அவிழ்க்கிறார் என்றே நினைத்தேன். அவர் முகத்தில் விழிக்காமல் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு குழாயைப் பார்க்கப் போனேன்.

அங்கே தலையில் கோணியைப் போர்த்திக்கொண்டு ராஜாமணி மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வயலின் கடைசி வரப்பை வெட்டி வடிகாலில் தண்ணீரைத் திருப்பி விட்டிருந்தார். குழாயின் வாய் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அதிலிருந்து தொடை தடிமனுக்கு ஏரித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக மண் சரியச் சரிய வெட்டி விட்டுக்கொண்டிருக்கிறாராம். யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை. தன் நெல்லும் பிழைக்க வேண்டும், அந்தப் பெண்ணின் தறியும் ஓட வேண்டும், இரண்டுக்கும் வெட்டு ஒன்றுதான் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மழையில் நின்றதால் என் கண்ணில் வந்தது யாருக்கும் தெரியவில்லை.

கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனோம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கி நின்று, செல்போன் டார்ச்சை அடித்து மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் தறி நின்றிருக்கிறது. வசந்தா விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு பிடி மணலை அள்ளிப் பிசைந்து பார்த்தார். கை நனையவில்லை. மேலே ஏறி, பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். தறியிலிருந்த புடவையின் ஜரிகையைத் துண்டால் ஒற்றிப் பார்த்தார், அதே மஞ்சள். "இந்தத் தெருவுல மத்த தறி எல்லாம் நின்னு போச்சும்மா. தை முகூர்த்தத்துக்குக் குடுக்க வேண்டிய பாவு ஒண்ணு வண்டியில கீது. இது முடிஞ்சதும் அதையும் நீயே போட்டுக்கோ" என்றார்.

அவர் கார் கிளம்பிய பிறகுதான் வசந்தா ஒரு பெருமூச்சு விட்டு விளிம்பில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டாள். மிதிகட்டை ஒரு தடவை இறங்கியது, இன்னொரு தடவை இறங்கியது, பிறகு நிற்கவே இல்லை. மழைச் சத்தத்துக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. பக்கெட்டோடு நின்ற தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆவணியில் என்னை வீடியோ எடுத்தவரும் அதில் இருந்தார். அவர் எதிர் வீட்டுக்காரர், அவர் தறிக்குழியிலும் முழங்கால் தண்ணீர். என்னைப் பார்த்ததும் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். வசந்தா நெய்வதை நிறுத்தாமல், தலையை மட்டும் திருப்பிச் சொன்னாள்: "தவளை காத்தாலயே அவுரு வூட்டுக் குயிக்குக் குடி போயிடுச்சிண்ணா. பாவம், அவுரு வூட்டுக்கும் ஒருவாட்டி போய்ப் பாருங்க."

அந்தத் தெருவில் மட்டும் ஏழு தறிக்குழியை மீட்டு, ஏரியையே ஜெயித்தவன் என்று பேரெடுத்த எனக்குச் சொந்த வீட்டைப் பார்க்க நேரம் கிடைக்காததால், என் வீட்டுக் கூடத்தில் இப்போது முழங்கால் உயரத்தில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன.